விண் கூவிய கிழமை

பட்டத்தில் பூட்டிக் கூவவிடும் அப்பாவின் விண் குசினிப் பரணில் இருந்தது. அவருடைய பழைய சாரம் ஒன்றால் சுற்றி, இரண்டு முனையிலும் நூலால் கட்டி வைத்திருந்தார் அம்மா. இரண்டு வருடமாக அது அங்கே கிடப்பது எனக்கே தெரியாது. தங்கச்சியின் மகன் பட்டம் கட்டவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றபோது, அம்மா ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய் முக்காலியை இழுத்துப் பரணுக்கு நேரே வைத்தார். நான் ஓடிப்போய் அவரை இறக்கிவிட்டு நானே ஏறி எடுத்தேன்.

தங்கச்சி குடும்பம் மெல்பேணில் இருக்கிறது. சனவரியில் அங்கே பள்ளிக்கூட விடுமுறை என்பதால் இந்தமுறை பொங்கலுக்கே வந்தார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து இரவிரவாக வான் வண்டியில் வந்து, ஞாயிறு விடிய யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் படலையடியில் இறங்கினார்கள். பெறாமகனுக்கு 13 வயது. பெறாமகளுக்கு 9. இருவருக்கும் தமிழ் நன்றாக விளங்கும், பேசும்போதுதான் சொல்லைத் தேடுவார்கள். ஒரு கிழமை நின்றார்கள். அந்த ஒரு கிழமைக்கு என்னிடம் ஒரே ஒரு திட்டம்தான் இருந்தது. அம்மாவை வீட்டைவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

அப்பா போன பிறகு அம்மா வளவையும் கோயிலையும் தவிர எங்கும் போகவில்லை. கலியாணம், சாமத்திய வீடு, கடைத்தெரு எதற்குக் கூப்பிட்டாலும் ஒரே பதில்: "நீங்கள் போட்டு வாங்கோ, நான் வீட்டைப் பாக்கிறன்." 76 வயது, கால் கையெல்லாம் சுகம்தான். ஆனாலும் வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சரி, பட்டத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டு அண்ணை தச்சுவேலை செய்பவர். மார்கழி பிறந்து வாடைக்காற்று நிலைத்துவிட்டால் எங்கள் ஒழுங்கையில் பாதிப் பட்டம் அவருடைய கையால் போனதாகத்தான் இருக்கும். திங்கள் பின்னேரம் மூங்கிலைக் கீறிச் சீவி, ஒரு சிலாகையை நடுவிரலில் குறுக்கே வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் சரிந்தது. அந்தப் பக்கத்தைக் கண்ணாடித் துண்டால் சுரண்டினார். மறுபடி விரல். இப்போது வலம் தாழ்ந்தது. மறுபடி சுரண்டல். நாலாம் முறை சிலாகை விரலில் அசையாமல் நின்றது. பெறாமகன் தராசு ஒன்றைக் கொண்டுவரலாமா என்று கேட்டான். அண்ணை சிரித்துக்கொண்டு, "நிறை மட்டும் காணாது தம்பி, வளைவும் சரியா இருக்கவேணும். விரல் ரெண்டையும் சொல்லும்" என்றார். அவன் அன்று இரவு முழுக்க ஈர்க்கை விரலில் வைத்துப் பழகிக்கொண்டிருந்தான்.

கட்டியது கொக்குப் பட்டம். ஆறடிக்குக் கிட்ட. அம்மா கோதுமை மாவில் பசை காய்ச்சித் தந்தார், பெறாமகள் மெல்லிய ரிசுப் பேப்பரை ஒட்டினாள். பட்டத்தில் நூலைப் பூட்டும் முச்சையைக் கட்டும்போது மட்டும் அண்ணை யாரையும் கிட்ட விடவில்லை. முச்சை அரை விரல் மாறினாலும் பட்டம் குத்தும், இல்லையென்றால் ஒரு பக்கமாகச் சுழலும். கடைசியாக விண். யாழ்ப்பாணத்துக்கு வெளியில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: விண் என்பது பட்டத்தின் தலையில் பூட்டும் வில். நாணுக்குப் பதிலாகத் தட்டையான நார் இழுத்துக் கட்டியிருக்கும். காற்றுப் பட்டதும் நார் துடித்துக் கூவும். இரவில் பட்டத்தை இறக்காமல் மரத்தில் கட்டிவிட்டால் ஊர் முழுக்க அந்தச் சத்தத்தில்தான் நித்திரை கொள்ளும்.

அப்பாவின் விண்ணுக்குப் பனைநார். அண்ணை வில்லை மெதுவாக வளைத்துப் பார்த்தார். நார் பட்டென்று அறுந்து இரண்டாக விழுந்தது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மா அந்த இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இப்போது எல்லாரும் பார்சல் கட்டும் நாடாவைத்தான் விண்ணுக்குப் போடுகிறார்கள், அதையே நாங்களும் போட்டோம். புதன் இரவு பின்வளவில் ஏற்றிப் பனையில் கட்டினோம். விண் கூவியது. பிள்ளைகள் துள்ளினார்கள். அம்மா திண்ணையில் இருந்து கேட்டுவிட்டு, "இது அவற்ற சத்தம் இல்லை" என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போனார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இடையில், செவ்வாய்க்கிழமை, அம்மா ஒருதரம் வெளியே வந்திருந்தார். அதற்குக் காரணம் நானில்லை. பெறாமகள் கையைப் பிடித்து, "அம்மம்மா, லைப்ரரிக்கு வாங்கோ" என்று இழுத்தாள், அவ்வளவுதான். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வெள்ளைக் கட்டடத்தை, முன்னால் இருக்கும் சரஸ்வதி சிலையை, எரிந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல நான் தயாராகத்தான் போனேன். 1981 மே முடிந்து யூன் பிறந்த இரவு, 97,000 அளவான புத்தகங்கள், திரும்பக் கிடைக்காத ஓலைச்சுவடிகள். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா குறுக்கிட்டார். "என்னட்டை ஒரு புத்தகம் இருந்தது. எரியிறதுக்கு முதல் கிழமை எடுத்தது. திருப்பிக் குடுக்க இடமில்லை." அதை அலுமாரியில் வைத்திருந்தாராம். 1995இல் போரால் எங்கள் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து பார்த்தால் அலுமாரியே இல்லை. இத்தனை வருடத்தில் எங்களுக்கு இதை அவர் சொன்னதில்லை. பெறாமகள் பெரிய கண்ணோடு, "அப்ப அம்மம்மாக்கு எவ்வளவு ஃபைன்?" என்று கேட்டாள். அம்மா அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் இந்திய உதவியில் எழும்பிய 11 மாடிக் கலாசார மையத்தையும் வெளியில் நின்று பார்த்தோம். அன்றைக்கு அங்கே நிகழ்ச்சி ஒன்றும் இல்லை.

வியாழன் பொங்கல். விடிய முற்றத்தில் மூன்று கல்லு, கோலம், புதுப்பானை, பால் பொங்கும்போது வெடி. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதற்குப் பிறகுதான் எங்களுக்குப் பொங்கல். வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் பட்டப்போட்டி நடக்கும். பெறாமகன் மெல்பேணில் இருந்தே காணொளிகளில் அதைப் பார்த்து வைத்திருந்தான். தன் கொக்கையும் கொண்டுபோய் ஒரு கரையில் ஏற்றவேண்டும் என்றான்.

அம்மா முதலே சொல்லிவிட்டார்: "வல்வெட்டித்துறைக்கு எண்டால் நான் வரேல்லை."

காரணம் எனக்குத் தெரியும். அங்கே அம்மாவின் சினேகிதி இருக்கிறார். கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் ஒன்றாகப் படித்தவர்கள். 1995 ஐப்பசி 30 இரவு நாங்கள் சைக்கிளிலும் நடையிலுமாக வெளிக்கிட்டபோது, மற்றவர்கள் தென்மராட்சிப் பக்கம் போக, அம்மா எங்களை அந்தச் சினேகிதி வீட்டுக்குத்தான் கொண்டுபோனார். ஆறு மாதம் இருந்தோம். 22 பேர், ஒரு கிணறு, ஒரு குசினி. ஒரு நாளும் அவர் முகம் சுளித்ததாக நினைவில்லை. பிறகு அவர் மகனோடு கனடாவுக்குப் போய், போன வருடம்தான் ஊரோடு திரும்பி வந்திருந்தார். அப்பா செத்ததற்கு அவரிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. அம்மா அதை ஒருதரம்தான் சொன்னார். சொன்ன விதத்தில் எவ்வளவு நொந்திருக்கிறார் என்று தெரிந்தது.

பகல் சாப்பாடு முடிந்து பட்டத்தை வானின் கூரையில் படுக்கவைத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். அம்மா நீலக்கரைச் சேலை உடுத்து வெளியே வந்தார். "வானில இடம் இருக்கோ?" நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வல்லைவெளியில் காற்று வானையே ஒரு பக்கம் தள்ளியது. கூரையில் ரிசு படபடக்கிற சத்தம் கேட்டது. வல்லை முனியப்பர் கோயிலடியில் வழக்கம்போல நிறுத்திக் கற்பூரம் கொளுத்தினோம். ஏறிப் பார்த்தால் கொக்கின் ஒரு செட்டை கிழிந்திருந்தது. பெறாமகன் அழவில்லை, ஆனால் உதடு நடுங்கியது. "அங்கை போய் ஒட்டலாம். அவளிட்டைப் பசை இருக்கும்" என்றார் அம்மா. அப்படித்தான் நாங்கள் நேரே அந்த வீட்டுக்குப் போனோம்.

கதவைத் திறந்தது சினேகிதியின் மகள். அம்மாவைக் கண்டதும், "அன்ரி!" என்று கட்டிப்பிடித்தா. பிறகு மெதுவாகச் சொன்னா: "அம்மாவுக்கு ரெண்டு காதும் கேக்காது அன்ரி. மூண்டு வருஷமாச்சு. போனைத் தொடுறதே இல்லை." அதற்குள் அவரே தடியை ஊன்றிக்கொண்டு முன்னுக்கு வந்துவிட்டார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். நெற்றியைப் பார்த்தார். குங்குமம் இருந்த இடத்தில் திருநீறு மட்டும் இருந்தது. தடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அம்மாவின் கன்னத்தைப் பிடித்து, "எடி, எப்பயடி?" என்றார். அம்மா இரண்டு விரலைக் காட்டினார். அதற்குமேல் அங்கே நிற்பது சரியில்லை என்று நாங்கள் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனோம்.

கடற்கரையை எப்படிச் சொல்வது! கடல் தெரியாத அளவுக்குச் சனம். தலைக்குமேல் ஒரு விமானம், ஒரு பாய்க்கப்பல், பெயர் தெரியாத பறவைகள், உள்ளே ஏதோ சுழல்கிற பெட்டிகள். ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு ஓட நாலைந்து இளம் பொடியன்கள். ஒன்று எழும்பி நின்றதும் கரை முழுக்க ஆரவாரம், ஒன்று மணலில் குத்தினால் அதைவிடப் பெரிய "ஐயோ". இந்த ஊர் கப்பல் கட்டின ஊர். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கயிறும் பாயும் காற்றும் தெரிந்த கைகள் பட்டம் கட்டினால் இப்படித்தான் இருக்கும் என்று நான் பெறாமகனுக்குச் சொன்னேன். ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை, ஆனால் அந்த முடிச்சுகளைப் பார்த்த எவரும் நம்புவார்கள்.

சனத்தை விட்டு விலகி, கிழக்குப் பக்கமாக ஒரு வள்ளத்தடியில் எங்கள் கொக்கை ஏற்றினோம். ஒட்டுப்போட்ட செட்டையோடு அது ஏறியது. விண் கூவத் தொடங்கியதும் இரண்டு கிழவிகளும் கைபிடித்துக்கொண்டு மணலில் நடந்து வந்தார்கள். சினேகிதி மேலே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாரும் ஏதோ கேட்கிறார்கள், தனக்கு மட்டும் கேட்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பெறாமகன் அதைக் கண்டான். சொல்லைத் தேடவில்லை. நேரே போய் அவருடைய கையை எடுத்து நூலில் வைத்தான்.

தங்கூசி நூல் கையில் நடுங்கும். விண் எப்படித் துடிக்கிறதோ அப்படியே அது இறங்கி வரும். அவர் முதலில் கையைச் சட்டென்று எடுத்தார். பிறகு இரண்டு விரலால் மெல்லத் தொட்டார். பிறகு முழுக் கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடி நின்றார். காற்றுக் கூடிக் குறையும்போதெல்லாம் தலையை ஆட்டினார், பாட்டுக் கேட்பவர்போல. "கூவுதடி" என்று உரக்கச் சொன்னார். காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரல். பக்கத்தில் நின்ற பொடியன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது வானுக்குள் இருட்டு. பிள்ளைகள் நித்திரை. அம்மா யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "அந்த விண் அப்பா அவளின்ர திண்ணையில இருந்துதான் கட்டினவர். இடம்பெயர்ந்து இருந்த பொங்கலுக்கு. பிள்ளையள் சும்மா இருக்குதுகள் எண்டு." அந்தத் திண்ணை எனக்கு நினைவிருக்கிறது. விண் நினைவில்லை. நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

வெள்ளி பட்டிப்பொங்கல். எங்களிடம் மாடு இல்லை. அண்ணை வீட்டு மாட்டுக்குப் பெறாமகள் மாலை போட்டாள், அது மாலையைத் தின்றது.

சனிக்கிழமை இரவு எங்கள் சனசமூக நிலையத்தின் பொங்கல் விழா. கடைசி நிகழ்ச்சி இசை நாடகம், அரிச்சந்திர மயான காண்டம். ஆர்மோனியம் வாசித்தவள் என் சினேகிதி. ஆறாம் வகுப்பில் இருந்து எனக்குப் பக்கத்துக் கதிரை. இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்து இப்போது சங்கீதம் படிப்பிக்கிறாள். "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, முன்வரிசையில் கதிரை பிடித்து வைக்கிறன்" என்று காலையிலேயே போன் எடுத்தாள். அம்மா இந்தமுறை மறுக்கவில்லை. கதிரையைத்தான் மறுத்தார். "நாடகம் பாக்கிறதெண்டால் பாய் வேணும்." பாயும், ஒரு பை கச்சானும், குளிருக்குச் சால்வையுமாக நிலத்தில் இருந்தோம்.

அம்மா மாவிட்டபுரத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதளவில், கோயில் வீதியில் காங்கேசன்துறை வி.வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நடித்ததை விடியவிடிய இருந்து பார்த்தவர். நடிகமணி என்று ஊரே கொண்டாடிய கலைஞர் அவர். 1989இல் மறைந்தார். எங்கள் வீட்டில் அந்த இரவு ஒரு குடும்பக் கதை. இடையில் நித்திரையாகிப்போன தம்பியை, லோகிதாசனைப் பாம்பு கடிக்கும் கட்டத்துக்குத் தாத்தா தட்டி எழுப்பினாராம், அவன் பயத்தில் அழுதானாம்.

எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். மயான காண்டத்தை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அடக்குவது அந்த நாடகத்துக்குச் செய்யும் அநியாயம். சுடலைக் காவலுக்கு நிற்கும் அரிச்சந்திரனும், மகனின் உடலோடு வரும் சந்திரமதியும் ஒருவரை ஒருவர் அடையாளம் காணாமல் நிற்கும் நேரம்தான் நாடகமே. அது நீளவேண்டும். ஒலிபெருக்கியில் எக்கோவைக் கூட்டி வைத்தால் பாட்டின் சொல் கரைந்துபோகிறது, அதுவும் ஒரு கொடுமை. இவ்வளவையும் மீறி அன்றைக்கு நடித்தவர்கள் நெஞ்சைப் பிடித்து இழுத்தார்கள். சந்திரமதியாக வந்தவர் பகலில் மேசன் வேலை செய்பவர். காற்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்டுக் காவலாளி மறிக்கும் இடத்தில், தன்னிடம் ஒன்றுமில்லை என்று இரண்டு கையையும் விரித்தார். அந்தக் கைகளில் சீமெந்து வெடிப்பு எனக்கு நிலத்தில் இருந்தே தெரிந்தது.

அம்மா பாட்டு வருவதற்கு முன்பே அடியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். சத்தம் கூடிக்கொண்டே போனது. எங்களைச் சுற்றியிருந்த நாலைந்து வயதான பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மேடையில் இருந்து என் சினேகிதி எட்டிப் பார்த்து, ஆர்மோனியத்தைக் கொஞ்சம் தணித்தாள். கீழே இருந்த குரல்கள் மேலே இருந்த குரலோடு இணைந்து நின்றன. சந்திரமதியின் கழுத்தில், வேறு எவர் கண்ணுக்கும் தெரியாத தாலியை அரிச்சந்திரன் காணும் கட்டம் வந்தபோது அம்மா பாடுவதை நிறுத்திவிட்டார். சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு அழுதார். அப்பாவின் செத்தவீட்டில் இப்படி அழவில்லை. நான் தடுக்கவில்லை. பெறாமகள் கச்சானை உடைத்து உடைத்து அவருடைய கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு மத்தியானம் கூழ். பிரியாவிடைக் கூழ் என்று தங்கச்சி பெயர் வைத்தாள். விடியப் பாசையூர்ச் சந்தைக்குப் போய் நண்டு, இறால், மீன்தலை வாங்கி வந்தார் என் கணவர். காயவைத்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவை முதல் நாளே தண்ணீரில் ஊறவிட்டு, மேல்தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கயர்ப்பைப் போக்கியிருந்தோம். பயித்தங்காய், மரவள்ளி, ஒரு பிடி அரிசி, முருங்கையிலை, செத்தல் மிளகாய் அரைத்த கூட்டு, பழப்புளி. பலாக்கொட்டை கிடைக்கவில்லை, அம்மாவுக்கு அது பெரிய குறை. வளவில் இருந்த பிலாவில் இலை பிடுங்கி, ஈர்க்கு குத்திக் கோலி, மாமரத்துக்குக் கீழே வட்டமாக இருந்தோம். என் சினேகிதி, அண்ணை குடும்பம், சந்திரமதியாக நடித்தவர்கூட வந்திருந்தார். உறைப்பில் பெறாமகனுக்கு மூக்காலும் கண்ணாலும் வடிந்தது, ஆனாலும் மூன்றாம் இலைக்குக் கை நீட்டினான். அன்று இரவே வெளிக்கிட்டார்கள். படலையடியில் நடந்ததை எழுதப்போவதில்லை.

பட்டத்தை இறக்கவேண்டாம், காற்றிருக்கும்வரை நிற்கட்டும் என்று அவன் சொல்லிவிட்டுப் போனான். கடற்கரையில் இருந்து கொண்டுவந்து மறுபடி பனையில் கட்டியிருந்தோம். திங்கள் இரவு நித்திரை வராமல் எழும்பிப் பின்பக்கம் போனேன். அம்மா பனையடியில் நின்றார். செருப்பும் இல்லை. இரண்டு விரலை நூலில் வைத்தபடி நின்றார். நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு நானும் அவருக்கு மேலே, நூலில் கையை வைத்தேன்.

செவ்வாய் விடியக் காற்று விழுந்து, கொக்கு அண்ணை வீட்டுப் புளியில் சிக்கிக்கொண்டது. ரிசு எல்லாம் கந்தல். விண்ணுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அண்ணை கழற்றித் தந்ததை அம்மா வாங்கி, துடைத்து, அதே சாரத்தில் சுற்றினார். அறுந்த பனைநார்த் துண்டு இரண்டையும் உள்ளே வைத்துக் கட்டினார். பிறகு தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"வல்வெட்டித்துறை பஸ் காலமை எத்தினை மணிக்குப் பிள்ளை?"